சனிக்கிழமை இரும்பு

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே இதைப் படிக்கப் போகும் என் வயதுக்காரர்களே, சின்ன வயதில் சனிக்கிழமை காலைகளில் நீங்கள் என்ன செய்தீர்கள்? மடியில் தோசைத் தட்டும் எதிரே கார்ட்டூனுமாகக் கிடந்திருப்பீர்கள், கொடுத்துவைத்தவர்கள். நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், நானும் அப்பாவும் முன்பின் தெரியாதவர்களின் கராஜ் வாசலில் நின்று மண் தோண்டும் ஷவல் பார்த்துக்கொண்டிருந்தோம். வாங்க அல்ல. பார்க்க மட்டும். ஒரு வசந்தம் முழுக்க இதே வேலை. நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி.

அந்த வசந்தத்தை நினைத்தால் முதலில் வெளிச்சம்தான் வருகிறது. எங்கள் நீலக் கார் ஜன்னலை இறக்கிவிட்டு ஊர்ந்து போகும். தெரு முழுக்க ஏதோ ஒரு மரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். அதன் பெயர் அன்றும் தெரியாது, இன்றுவரை யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அந்தப் பூக்களைத் தாண்டி விழுகிற வெயில் அப்பாவின் சட்டைமேல் புள்ளி புள்ளியாக ஓடும். எங்கேயோ புல் வெட்டுவார்கள். பச்சை வாசனை வரும். கம்பங்களில் ஒட்டிய அட்டைகளில் 'கராஜ் சேல்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். வீட்டுப் பழைய சாமான்களைக் கார் ஷெட்டில் பரப்பி விற்பார்கள். அம்பைப் பார்த்து வழி சொல்வது என் வேலை. "லெஃப்ட், அப்பா" என்பேன். அப்பா லெஃப்டில் திருப்புவார். அன்றைக்கு உலகத்தில் நான் சொல்வதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

இதெல்லாம் எதற்காக என்றால், அம்மாவுக்காக.

அம்மா சென்னையில் அரசாங்க அலுவலகத்தில் செக்‌ஷன் கிளார்க். கோப்புகளுக்குள் பிறந்து வளர்ந்தவள் மாதிரி இருப்பாள். அப்பாவுக்கு இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் லேப் வேலை கிடைத்ததும் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். அந்த விடுப்பு முடியப் போகிறது, ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் வந்து சேராவிட்டால் வேலை போய்விடும் என்று கடிதம் வந்திருந்தது. அதைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தாள். துவரம்பருப்பு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். நானும் ஒவ்வொரு முறையும் படிப்பேன். டிராவல் ஏஜென்ட் அங்கிள் ஜூலை கடைசி சனிக்கிழமை வரை இரண்டு சீட் பிளாக் பண்ணி வைத்திருந்தார். இரண்டுதான். அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. நான் போகணுமா இருக்கணுமா என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. இப்போது எழுதும்போதும் அந்தக் கோபம் கொஞ்சம் வருகிறது.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் வீடு வாங்கியிருந்தோம். பின்பக்கம் பெரிய யார்ட். அதில் ஒரு காய்கறித் தோட்டம் போட்டுவிட்டால் அம்மா இருந்துவிடுவாள் என்று நம்பினார். "செடி வெச்சுட்டா அவ மனசு நின்னுடும்டா, பாரேன்" என்று போனில் யாரிடமோ சொன்னதை நானே கேட்டேன்.

முதலில் கடையில் இருந்ததிலேயே மலிவான ஷவல் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார். சிவப்புப் பெயின்ட் அடித்த கைப்பிடி, பளபளவென்ற தகடு. ஏப்ரலில் ஒருநாள் அதைக் கொண்டுபோய் யார்ட் நடுவில் ஊன்றி, காலால் ஓங்கி மிதித்தார். நியூ ஜெர்சிக் களிமண் அசையவில்லை. ஷவல்தான் வாய்மடிந்து கோணிக்கொண்டது. இன்னொரு மிதி மிதித்தார். கைப்பிடி பட்டென்று முறிந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"என்னங்க அது, தோசைதிருப்பியா?" என்றாள் அம்மா.

நல்லதாக ஒன்று புதிதாக வாங்கலாம் என்றால் விலை ஒரு வாரத்து மளிகையை விழுங்கும். அப்பா லைப்ரரிக்குப் போய்த் தோட்டக் கருவிகள் பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்து, பரீட்சைக்குப் படிப்பது போலக் கோடு போட்டுப் படித்தார். அடுத்தவன் புத்தகத்தில் கோடு போட்டதற்கு அபராதம் கட்டினார், அது வேறு கதை. அதில் அவர் கண்டுபிடித்தது இதுதான்: பணம் இல்லாதவன் பழசு வாங்கவேண்டும். இரும்பும் பிடியைச் சொருகுகிற குழாயும் ஒரே துண்டாக அடித்துச் செய்ததாக இருக்கவேண்டும். மரப்பிடியில் ரேகை மேலிருந்து கீழே நேராக ஓடவேண்டும். பெயின்ட் அடித்த பிடியைத் தொடாதே, உள்ளே முடிச்சு இருக்கும். மேலோட்டமான துருவுக்குப் பயப்படாதே, தேய்த்தால் போய்விடும். விரலை மடக்கித் தட்டினால் மணி மாதிரிக் கேட்கவேண்டும்.

"பழசு எங்க கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"கராஜ் சேல்லடா கண்ணா. கால் விலைக்குக் கிடைக்கும்."

அப்போதுதான் அம்மா பருப்பைக் கடைந்துகொண்டே திரும்பாமல் சொன்னாள். "சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் சனி கூடவே வந்து குடியேறிவிடுவான் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த நாட்டில் கராஜ் சேல் என்றாலே சனிக்கிழமைதான். ராகுகாலத்தைக் கிண்டல் செய்கிற அப்பா இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. "சரிம்மா" என்றார். எனக்கு ஒரே எரிச்சல். இவ்வளவு படித்த மனுஷன் இப்படிப் பெண்டாட்டிக்குப் பயப்படுகிறாரே என்று.

ஆகவே சனிக்கிழமை பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்குவது என்று ஏற்பாடு. அப்பா ஒவ்வொரு கராஜிலும் ஒரு ஷவலையோ சருகு வாரும் ரேக்கையோ எடுத்து, தட்டி, காதருகே வைத்து, பிடியை மோந்துகூடப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். வெள்ளைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். சேல் மதியம் இரண்டு மணியோடு முடிகிறது, நாளைக்கு நாங்கள் வீட்டிலேயே இருக்கமாட்டோம் என்பார்கள். அப்பா தாங்க் யூ சொல்லிக் கும்பிடாத குறையாகத் திரும்புவார்.

இரும்பு இல்லாததை வாங்கத் தடை இல்லையே. யானை வடிவில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பூவாளி வாங்கினோம், தும்பிக்கை வழியாகத் தண்ணீர் வரும். அது எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை, இன்றும் கடைகளில் தேடுகிறேன். வைக்கோல் தொப்பி, மண்சட்டிகள், ஒரு கண் இல்லாத பொம்மை எல்லாம் வந்தன. ஒருமுறை தண்ணீர் ஹோஸ் ஒன்று வாங்கிவிட்டு, அதன் முனை என்ன உலோகம் என்று காரிலேயே உட்கார்ந்து ஆராய்ச்சி. லேப்காரர் இல்லையா, அப்பா சாவியால் சுரண்டிப் பார்த்தார்.

"பித்தளைதான். பித்தளைக்குச் சனி கிடையாது" என்றார் முகமெல்லாம் சந்தோஷமாக.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மைதானத்தில் பழைய சாமான் சந்தை நடக்கும். மேஜை மேஜையாகக் கருவிகள் வெயிலில் மின்னும். "அப்பா, அங்க ஷவல் இருக்கு! இன்னிக்கு சண்டே!" என்று கத்துவேன். அப்பா காரின் வேகத்தைக்கூடக் குறைக்கமாட்டார். "அது நல்லா இருக்காதுடா" என்பார். முன்சீட்டில் அம்மா பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மே கடைசியில், எங்கள் தெரு மூலை வீட்டில் சேல் போட்டார்கள். அந்த வீட்டு அம்மாளின் கணவர் குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். அவரை வைக்கோல் தொப்பியோடு தக்காளிச் செடிகளுக்கு நடுவே பார்த்திருக்கிறோம். அந்த அம்மாள் கணவருடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கராஜ் உள்ளே போனதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

சுவர் முழுக்க ஒரு பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைச் சுற்றிக் கருப்பு மையால் கோடு வரைந்து, அந்தக் கோட்டுக்குள் சரியாக அதை மாட்டியிருந்தது. ஷவல், ரேக், களைக்கொட்டு, கத்தரிகள். ஆளிவிதை எண்ணெய் வாசனை. நடுவில் நாலு பல் வைத்த ஃபோர்க் ஒன்று, மண்ணைக் கிளறுவதற்கு. எத்தனையோ வருஷம் ஒரே கை பிடித்துப் பிடித்து அதன் பிடி கருத்துப் பளபளத்தது.

அப்பா அதைத் தட்டினார். மணி மாதிரியே கேட்டது. அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டு வெளியே புல்லில் வைத்து லேசாகக் காலை வைத்தார். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிவிட்டது. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

பிறகு வழக்கம்போல் கேட்டார், நாளைக்கு வரலாமா என்று.

அந்த அம்மாள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன். "நாளைக்கு இருக்காதுப்பா. மத்தியானம் என் பையன் டிரக் கொண்டுவந்து மிச்சத்தை எல்லாம் குப்பைக்கு எடுத்துட்டுப் போயிடுவான்." அப்பா தயங்கினார். விலை அதிகம் என்று நினைத்து அவள் பாதியாகக் குறைத்தாள். அப்பா தலையை ஆட்டினார். இன்னும் குறைத்தாள். "ப்ளீஸ், விலை இல்ல விஷயம்" என்றார் அப்பா. "அப்போ சும்மா எடுத்துட்டுப் போ" என்றாள். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அடி பின்வாங்கினார். பேரம் இப்படித் தலைகீழாக நடந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் குரல் மாறிவிட்டது. "செத்துப்போனவர் கை பட்டதுன்னு வேண்டாமா உனக்கு?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சனீஸ்வரனை எப்படி ஆங்கிலத்தில் விளக்குவது? என்னிடம் குனிந்தார். "நீ சொல்லேன்டா கண்ணா, உன் இங்கிலீஷ்ல."

சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து மேஜையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். கிரகம், இரும்பு, சனிக்கிழமை என்று இவர்கள் முன்னால் வாயைத் திறந்தால் திங்கட்கிழமை பஸ்ஸில் என் கதி என்ன? அந்த அவசரத்தில் என் வாயில் வந்தது இதுதான். "நானும் எங்க அம்மாவும் ஆகஸ்ட்ல இந்தியாவுக்கே போறோம். அப்புறம் எங்களுக்கு இது எதுக்கு?"

சொன்னபிறகுதான் அப்பா பக்கத்தில் நிற்பது உறைத்தது.

அவர் ஃபோர்க்கின் பல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கைக்குட்டையால் துடைத்தார். உள்ளே போய் அதற்கென்று வரைந்த கோட்டுக்குள் மாட்டினார். கொஞ்சம் சாய்ந்திருந்தது, நேராக்கிவிட்டு வந்தார். வீட்டுக்கு நடந்தோம்.

"யார் சொன்னா உனக்கு?"

"அலமாரியில லெட்டர் இருக்கே."

"ம்" என்றார். என் தலையில் கையை வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது, அழவில்லை.

திங்கட்கிழமை மதியம் நான் ஸ்கூல் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தெருவில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். மூலை வீட்டு அம்மாள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. வண்டி நிறைய அந்தச் சுவர்க் கருவிகள். அம்மா நைட்டிமேல் ஸ்வெட்டரோடு கதவைத் திறந்தாள்.

"நீ போகப் போறேன்னு உன் பொண்ணு சொன்னா" என்றாள் அந்த அம்மாள். "அதனாலதான் வந்தேன். இதை நான் விக்கலை, கொடுக்கவும் இல்லை. குப்பைக்கு அனுப்ப மனசு வரலை. நீ போற வரைக்கும் வெச்சிரு. போகும்போது திருப்பிக் குடு."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கமாட்டேன், உங்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். பிறகு உள்ளே போய் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். அரசாங்க கிளார்க் இல்லையா, ரசீது இல்லாமல் ஒரு குண்டூசி கைமாறாது. ஃபோர்க் ஒன்று, ஷவல் ஒன்று, ரேக் ஒன்று என்று வரிசையாக எழுதி, நல்ல நிலையில் பெறப்பட்டது, ஜூலை கடைசி சனிக்கிழமை திருப்பித் தரப்படும் என்று ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த அம்மாள் அதை மடித்துக் கணவருடைய சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போனபிறகு அம்மா வண்டியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். ஃபோர்க்கை எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஹவாய் செருப்புப் போட்ட காலால் ஒரு மிதி. களிமண் பிளந்து புரண்டது, உள்ளே ஈரமாக, கருப்பாக. அந்த வாசனை எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. இன்னொரு மிதி. இன்னொன்று. அப்பா ஆபீஸ் விட்டு வந்து வலைக்கதவுக்குப் பின்னால் டையைக்கூடத் தளர்த்தாமல் நின்று பார்த்தார். வெளியே போகவில்லை.

கத்தரி, வெண்டை, மிளகாய், கொத்தமல்லி. அந்தக் கோடை முழுக்கக் கனவு மாதிரி ஒரு பச்சை. நான் யானைப் பூவாளியில் தண்ணீர் ஊற்றுவேன். மாலையில் மின்மினிகள் வெண்டைச் செடிகளின் உயரத்துக்கு எழும்பும். மூலை வீட்டு அம்மாள் வேலிப் பக்கம் வந்து நின்று, அம்மாவின் ஆபீஸ் ஆங்கிலத்தோடு மணிக்கணக்காகப் பேசுவாள். அலமாரிக் கதவில் கடிதம் அப்படியே இருந்தது. நான் பருப்பு டப்பாவைப் பார்த்தாலே கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் அந்த வீட்டை விற்றோம். எங்கள் கராஜில் நாங்களே சேல் போட்டோம், சனிக்கிழமைதான். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஓர் இளம் தமிழ் ஜோடி வந்தது. அந்தப் பையன் ஒரு ரேக்கை ஆசையாக எடுத்தான், அந்தப் பெண் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, நாளைக்கு வந்து எடுத்துக்கட்டுமா?"

அவர்கள் போனதும் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"எனக்கு எந்தக் காலத்துலடி சனியும் இரும்பும்? மெட்ராஸ்ல பிரஷர் குக்கரே சனிக்கிழமை வாங்கினவ நான்."

"குக்கர் அலுமினியம்மா."

"அடுப்பும் வாங்கினேன், போ. செடி வெச்சா தண்ணி ஊத்தணும். காய்க்கிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் நான் எப்படிக் கிளம்பறது? வேண்டாம்னு உங்கப்பா மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியலை. சனியை இழுத்தேன்."

"பாவம், அப்பா அதை நம்பி..."

"யாரு, உங்கப்பாவா நம்பினார்? சண்டே சந்தை வழியிலதானே கோயிலுக்குப் போவோம். ஒரு நாளாவது காரை நிறுத்தினாரா? நான் சரின்னு சொல்ற வரைக்கும் வாங்கக்கூடாதுன்னு இருந்தார் மனுஷன். அதான் சாட்டர்டே சாட்டர்டே உன்னைக் கூட்டிட்டு ஊர் சுத்தினார்." சிரிப்பு நின்றுவிட்டது. "வேலை போனது போனதுதான். இருந்திருந்தா இன்னிக்கு எனக்குன்னு ஒரு பென்ஷன் வந்திருக்கும்."

அவரைப் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜூலை கடைசி சனிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் அம்மா கருவிகளை எல்லாம் கழுவி, துணியால் துடைத்து, பிடிகளுக்கு எண்ணெய் தடவித் தள்ளுவண்டியில் அடுக்கினாள். டிராவல் ஏஜென்ட் அங்கிளுக்கு அன்றைக்குள் போன் பண்ணவேண்டும். அப்பா செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு அதே பக்கத்திலேயே இருந்தார்.

"வாடி" என்றாள் அம்மா. நான் வண்டியின் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். அன்றைக்கு அடக்க முடியவில்லை. தெரு முழுக்க அழுதுகொண்டே போனேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை.

மூலை வீட்டு அம்மாள் கராஜைத் திறந்துவிட்டாள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கோட்டுக்குள் மாட்டினாள். ஷவல், ரேக், களைக்கொட்டு, கத்தரிகள். கடைசியில் ஃபோர்க். சட்டைப் பையில் இருந்து ரசீது வந்தது. அம்மா அதை வாங்கி, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, இரண்டாகக் கிழித்தாள்.

"எப்போ ஃப்ளைட்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ புல் வெட்டினார்கள், நிறுத்தினார்கள், மறுபடி வெட்டினார்கள்.

"வெண்டைக்காய் இப்பதான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு" என்றாள் அம்மா, தன் ஆபீஸ் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "இன்னொரு ரசீது எழுதித் தரட்டுமா?"

அந்த அம்மாள் கண்ணைக் கட்டம் போட்ட சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, எட்டி ஃபோர்க்கை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். ரசீதுக்குத் தாள் தேடவே இல்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து திரும்ப எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினோம்.

தெருவில் பாதி தூரம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

"அம்மா, இன்னிக்கு சனிக்கிழமை."

"வாயை மூடிட்டு வண்டியைத் தள்ளு."

தள்ளினேன். சக்கரம் கிறீச் கிறீச் என்றது. அந்தச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ, அப்பா வாசலுக்கு வந்துவிட்டார், கையில் செய்தித்தாளோடு. வண்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், பின்பக்கக் கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.